ஸ்ரிப் பழுது என்று சொன்னவன்

2022 சித்திரை வருசத்துக்கு மறுநாள், விடியப்புறம் நாலரை மணி. தருமபுரத்தில் அக்கா வீட்டுக் குசினி. கரண்ட் இல்லை. அந்த மாதங்களில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாரும் கேட்பதையே விட்டிருந்தோம். விளக்கு வெளிச்சத்தில் அக்கா நிலத்தில் குந்தியிருந்து ஒரு சீலையை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். கழுத்து, நெற்றி எல்லாம் வேர்வை ஓடியது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். ஆனால் பார்வை என்னைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. நடுவில் ஒருதடவை, 2009இல் இல்லாமல் போன தன் தம்பியின் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். வருசத்துக்கு வந்தவன், பெற்றோல் இல்லாததால் சைக்கிளில் கிளிநொச்சி திரும்புவதற்குப் பஞ்சிப்பட்டு அங்கேயே படுத்துவிட்டேன். இல்லையென்றால் இந்தக் காட்சியை என் கண்ணால் பார்த்திருக்கமாட்டேன். மருமகள் அப்போது ஓ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவின் சுகர் மெசினை எடுத்து வந்து தாயின் விரலில் குத்திவிட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். மெசின் ஐந்து விநாடி யோசித்து 38 என்று காட்டியது.

மெசினில் செருகி இரத்தச் சொட்டைத் தொடுகிற ஸ்ரிப்புகளின் டப்பாவை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். காலாவதித் திகதி இரண்டு மாதத்துக்கு முந்தியது. "இது ஸ்ரிப் பழுது. 38 எண்டால் ஆள் இப்படிச் சீலை மடிச்சுக்கொண்டிருக்காது, கோமாவில கிடக்கும்" என்றேன். மருமகள், "இன்னொருக்கா குத்திப் பாப்பமே மாமா?" என்று கேட்டாள். "விக்கிற விலையில ஏன் அதையும் வீணாக்குவான்" என்றேன். அதற்குள் பெரியம்மா சீனியை அள்ளிப்போட்டு ஒரு பிளேன்ரீ ஆற்றிக்கொண்டு வந்து அக்காவின் வாயில் வைத்தாள். கால் மணித்தியாலத்தில் அக்கா எழும்பி, "என்ன எல்லாரும் முழிச்சிருக்கிறியள்?" என்று கேட்டபடி அடுப்பு மூட்டப் போனாள்.

நான் கிளிநொச்சியில் ஏ.எல். பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். அந்த ஸ்ரிப் எப்படி வேலை செய்கிறது என்று அந்த வீட்டில், அந்த ஒழுங்கையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மூன்று வருசமாக இதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

உடம்புக்குள் கிடக்கிற பசி

அக்காவுக்கு இது தொடங்கி அப்போது இரண்டு வருசத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது. முதலில் விடியப்புறத்தில் மட்டும். பிறகு வயலில் நின்று மத்தியானச் சாப்பாடு பிந்தினாலும் வந்தது. கை நடுங்கும், கதை குழறும், ஆள் வேறெங்கோ இருப்பாள். இரண்டுமுறை கை கால் இழுத்தது. 2021 கந்தசஷ்டிக்கு வழமைபோல விரதம் பிடித்தவள் இரண்டாம் நாள் காலையில் கோயில் வீதியிலேயே விழுந்துவிட்டாள். அதற்கு முன் எத்தனையோ வருசம் ஆறு நாளும் இளநீரிலும் தண்ணீரிலும் கிடந்து, சூரன்போர் பார்த்து, ஏழாம் நாள் பாறணை செய்தவள்.

வன்னியில் ஒருவருக்கு இப்படி வந்தால் காரணம் தேடி அலையத் தேவையில்லை. அது ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கும். அக்காவின் முதுகில், இடப்பக்க விலாவுக்குக் கீழே, முள்ளிவாய்க்காலில் பட்ட செல் பீஸ் ஒன்று இன்னும் இருக்கிறது. ஆகவே ஊர், "அந்தப் பீஸ்தான் நரம்பில முட்டுது" என்றது. ஒரு கிளினிக்கில் வலிப்பு என்று எழுதிக் குளிசை கொடுத்தார்கள். வேறொரு இடத்தில், மெல்லக் கதைக்கிற ஒருவர் அந்த நாட்களைப் பற்றியெல்லாம் விசாரித்து, மனதில் தங்கிய பயம் இப்படி வெளிவரும் என்றார். அத்தான் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். ஒன்றையும் நான் பகிடி பண்ணவில்லை. இறந்த தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒருத்தியைப் பார்த்தால் நீங்களும் மனம், பயம், பழைய நாள் என்றுதான் யோசிப்பீர்கள். எங்கள் ஆட்களுக்கு எது வந்தாலும் அதை 2009இல் கொண்டுபோய்க் கட்டிவிடுகிற பழக்கம் எங்களுக்கும் உண்டு, எங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கும் உண்டு. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடுகிறது. அதுதான் கரைச்சல்.

பெரியம்மாவின் விளக்கம் தனி. "அது பசி மயக்கம். அங்க கஞ்சித் தண்ணியில கிடந்த பசி இன்னும் இவளின்ர உடம்புக்குள்ள கிடக்கு" என்பாள். அதனால் அவள் செய்தது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு எழும்பி மகளுக்குச் சீனி கூடப்போட்ட தேத்தண்ணி. படுக்கிற நேரம் இரண்டு வாழைப்பழம். அக்காவும் பையில் எப்போதும் பிஸ்கற் வைத்திருப்பாள். வரப்போகிறது என்று தெரிந்தால் வாயில் போட்டுக்கொள்வாள். இரண்டு வருசத்தில் ஆள் நன்றாகச் சதை வைத்துவிட்டாள். கண்டவர்கள் எல்லாம் "இப்பதான் பாக்க நல்லாயிருக்கு" என்றார்கள்.

நான் ஏன் நம்பவில்லை

என்னை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. ஆனால் என் சந்தேகம் மடத்தனமான சந்தேகம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அதில்தான் விசயமே இருக்கிறது.

ஸ்ரிப்பின் நுனியில் ஒரு நொதியம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பல ஸ்ரிப்புகளில் அது குளுக்கோசு ஒட்சிடேசு. அஸ்பர்ஜிலஸ் நைகர் என்ற பூஞ்சணத்திலிருந்து அதை எடுக்கிறார்கள். ஆளை உங்களுக்குத் தெரியும். வெங்காயத்தை நாள்பட வைத்தால் தோலுக்குள் கரித்தூள் மாதிரிக் கறுப்பாகப் பிடிக்குமே, அவர்தான். இந்த நொதியம் குளுக்கோசிலிருந்து இலத்திரன்களைப் பிடுங்கும். பிடுங்கியதை யாரிடமாவது கொடுக்கவேண்டும். 1962இல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் இந்த யோசனையை முதலில் சொன்னபோது, வாங்குகிற ஆள் ஒட்சிசன். அவர் அதற்கு ஆறு வருசம் முன்னரே ஒட்சிசனை அளக்கிற மின்வாய் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். எவ்வளவு ஒட்சிசன் குறைகிறது என்று பார்த்தால் எவ்வளவு சீனி என்று கணக்கிடலாம். ஆனால் ஒரு சொட்டு இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். வீட்டில் வைத்துப் பார்க்கிற மெசினுக்கு வேறொரு ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் வந்த கதையை நான் கிறினாட் சோதனைப்பொருள் (காபன் அணுக்களை ஒன்றோடொன்று இணைக்க உதவுகிற மகனீசியச் சேர்வை) படிப்பிக்கிற நாளில் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. 1951இல் அமெரிக்காவில் பிற்ஸ்பேர்க் நகரில் கீலி, பௌசன் என்ற இருவர், இரண்டு ஐங்கோண வளையங்களை ஒன்றோடொன்று இணைத்துப் புல்வலீன் என்ற சேர்வையைச் செய்யப் பார்த்தார்கள். சைக்கிளோபென்ரடையினைல் மகனீசியம் புரோமைட்டு, அதாவது ஒரு கிறினாட், அதற்குள் ஃபெரிக் குளோரைட்டு. கிடைத்தது அவர்கள் கேட்ட சாமான் இல்லை. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பளிங்கு. அதை எறியாமல் வைத்தார்கள். இரண்டு வளையங்களுக்கு நடுவே இரும்பு அணு ஒன்று, பாண் துண்டுகளுக்கு நடுவே வைத்த முட்டை மாதிரி அகப்பட்டிருக்கிறது என்பதை அடுத்த வருசம் வில்கின்சன், வூட்வேட், ஜேர்மனியில் பிஷர் ஆகியோர் கண்டுபிடித்தார்கள். வில்கின்சனும் பிஷரும் 1973இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அந்தச் சேர்வைதான் பெரோசீன். அந்த இரும்பு ஓர் இலத்திரனைக் கொடுக்கும், திரும்ப வாங்கும், சலிக்காது. 1984இல் இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட், கிரான்பீல்ட் ஆட்கள் சேர்ந்து, ஒட்சிசனுக்குப் பதிலாகப் பெரோசீன் சேர்வை ஒன்றை நொதியத்துக்கும் மின்வாய்க்கும் நடுவே தூதுவனாக விட்டார்கள். 1987இல் அது பேனா அளவு மெசினாகக் கடைக்கு வந்தது. இன்றைய ஸ்ரிப்புகளில் தூதுவன் பெரும்பாலும் வேறு ஆள், வேலை அதே வேலை. மெசின் காட்டுகிற இலக்கம் என்பது, எத்தனை இலத்திரன் வந்து சேர்ந்தது என்ற கணக்கு.

இவ்வளவும் தெரிந்தவனுக்கு, இது எங்கெங்கே பிசகும் என்பதும் தெரியும். நொதியம் ஒரு புரதம், சூடு ஆகாது. தூதுவனுக்கு ஈரம் ஆகாது. டப்பாவில் 30 பாகைக்கு மேலே வைக்காதே என்று எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த டப்பா பகலெல்லாம் அவிந்துகொண்டிருந்தது. கனடாவிலிருந்து யாருடையதோ பயணப் பொதிக்குள் வந்த ஸ்ரிப், திகதியும் முடிந்தது. ஆகவே 38 என்ற இலக்கத்தைக் கண்டதும் என் மூளை அக்காவைப் பார்க்கவில்லை, நேரே ஸ்ரிப்பிடம் போய்விட்டது. ஸ்ரிப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவன் அந்த இடத்தில் நின்றிருந்தால், "ஐயோ 38" என்று பயந்து ஓட்டோ பிடித்திருப்பான்.

பத்தொன்பது நாள்

அடுத்த கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். மே மாத முதல் கிழமையில் அத்தான் போன் எடுத்தார். அக்கா காலையில் பிட்டுக்குத் தண்ணி வைத்துவிட்டு அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். பானை கவிழ்ந்து இடது முன்கை முழுக்கக் கொதிதண்ணி. நான் போனபோது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. சீனித் தேத்தண்ணிக்குப் பெரியம்மா அன்று பிந்தி எழும்பிவிட்டாள், அவ்வளவுதான். அதற்காக அவள் மகளின் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினாள். ஓ.எல். கடந்தகால வினாத்தாள் ஒன்றின் பின்பக்கம். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி நாலு நிரல் போட்டிருந்தாள். திகதி, நேரம், அம்மா, நான். நான் என்றால் அவள்தான். அம்மாவுக்கு 41, எனக்கு 91. அம்மாவுக்கு 44, எனக்கு 88. ஒரு இடத்தில் அம்மாவுக்கு 39, அதற்குக் கீழே "தேத்தண்ணி குடிச்சு 20 நிமிசம்" என்று எழுதி 86. மொத்தம் ஐந்து நாள். அதற்குமேல் ஸ்ரிப் முடிந்துவிட்டது.

"மாமா, நீங்கள் ஸ்ரிப் பழுதெண்டு சொன்னனீங்கள். பழுதெண்டால் எனக்கும் பிழையாத்தானே காட்டோணும்? ஒரே டப்பா, ஒரே மெசின், ஒரே நேரம். எனக்கு மட்டும் ஏன் சரியாக் காட்டுது?"

அவள் எதிர்த்துக் கேட்கவில்லை. மெய்யாகவே விளங்காமல், ரியூசனில் கணக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒளித்தொகுப்பு பாடத்தில் இலையின் ஒரு பக்கத்தைக் கறுப்புத் தாளால் மூடிவிட்டு, மற்றப் பக்கத்தை ஏன் வெறுமனே விடுகிறோம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். கட்டுப்பாடு இல்லாத பரிசோதனைக்குப் புள்ளி இல்லை என்று எத்தனை கொப்பியில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன். அன்று விடியப்புறம் நான் செய்யவேண்டியிருந்தது என் சுண்டுவிரலில் ஒரு குத்து. ஒரு ஸ்ரிப். அதைச் செய்யாமல், அறிவாளி மாதிரி டப்பாவின் திகதியை வாசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரவில் படுத்துக்கிடந்து இன்னொரு கணக்கும் பார்த்தேன். இந்த மெசின்களுக்குச் சர்வதேசத் தரம் ஒன்று உண்டு. டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே, நூற்றுக்கு 95 தடவையாவது உண்மை அளவிலிருந்து 15க்கு மேல் விலகக்கூடாது. அப்படியென்றால் 38 என்று காட்டிய மெசின் முழுக்க என் பக்கமே பிழை விட்டிருந்தாலும் உண்மை அளவு 53. அதுவும் தாழ்வுதான். திகதி முடிந்த ஸ்ரிப்புக்கு இந்தத் தரம் செல்லாது என்று சட்டம் பேசலாம். அன்றிரவு பேசிப் பார்த்தேன். நித்திரை வரவில்லை.

மூன்று கால்

அந்தத் தாளைத்தான் டொக்டரிடம் கொண்டுபோனோம். இளம் டொக்டர், பெண் பிள்ளை. மற்ற இடங்களில் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அதையே அடுத்த பக்கத்தில் எழுதுவார்கள். இவ தாளை மேசையில் விரித்து வைத்து, "இதை ஆர் எழுதினது?" என்று கேட்டா. மருமகளைக் காட்டினோம். அவ சிரித்தா. பிறகுதான் விப்பிள் என்ற பெயரைச் சொன்னா. அலன் விப்பிள், நியூயோர்க்கில் இருந்த சத்திரசிகிச்சை நிபுணர். 1930களில் அவர் வைத்த விதி இது: சீனி இறங்கியதற்கான அறிகுறி இருக்கவேண்டும், அந்த நேரத்தில் அளந்தால் சீனி உண்மையிலேயே இறங்கியிருக்கவேண்டும், சீனி கொடுத்தால் ஆள் தெளியவேண்டும். மூன்றும் நின்றால்தான் மேற்கொண்டு தேடலாம். முதலாவது காலை ஊரே இரண்டு வருசமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவதைப் பெரியம்மா ஒவ்வொரு விடியலிலும் தேத்தண்ணிக் கோப்பையில் நிரூபித்துக்கொண்டிருந்தாள். நடுக்காலை மருமகள் நட்டாள். நான் தட்டி விழுத்தியதும் அதைத்தான்.

அடுத்த கேள்வியில் வீட்டார் முகம் கறுத்துவிட்டது. "வீட்டில ஆராவது சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுறவையா? அது இவவின்ர கைக்கு எட்டுமா?" பெரியம்மா போடுகிறாள், கிளிக்கிளசைட். யாரோ மாறிக் கொடுத்தார்களா, தானாக விழுங்கினாளா என்றுதான் டொக்டர் கேட்கிறா என்று விளங்கியதும் அத்தான் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நான் அவரை இருத்தினேன். கேள்வி சரியான கேள்வி. அந்தக் குளிசைக் குடும்பமே ஒரு விபத்தில் பிறந்தது. 1942இல் பிரான்சில் மொன்பெலியேயில், நெருப்புக்காய்ச்சலுக்கு என்று புதிதாகச் செய்த ஒரு சல்போனமைட்டு மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகளுக்குச் சீனி இறங்கி வலிப்பு வந்தது; சிலர் இறந்தும் போனார்கள். அதைத் துருவிப் பார்த்துத்தான் சதையியை, அதாவது கணையத்தை, தூண்டி, சீனியை இறக்குகிற இன்சுலினைச் சுரக்கவைக்கிற குளிசைகள் வந்தன. சதையியில் கட்டி இருந்தாலும், இந்தக் குளிசை போட்டாலும் இரத்தப் பரிசோதனையில் ஒரே கோலம்தான்: சீனி கீழே, இன்சுலின் மேலே, அதோடு சேர்ந்து வருகிற சி-பெப்ரைட்டும் மேலே. குளிசை உடம்பில் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்தால்தான் பிரித்தறியலாம். அக்காவுக்குப் பார்த்தார்கள். இல்லை.

மிச்சம் கொழும்புப் பக்கம். எரிபொருள் இல்லாத ஆனி மாதம். ரயில் ஓடியதால் பிழைத்தோம். வார்ட்டில் வைத்து 72 மணித்தியாலப் பட்டினிச் சோதனை. தண்ணீர் மட்டும்தான். மிசி வந்து விளங்கப்படுத்தியபோது அக்காவுக்குச் சிரிப்பு. "ஆறு நாள் சஷ்டி பிடிக்கிற எனக்கு மூண்டு நாளெல்லாம் ஒரு விரதமோ" என்றாள். பதினாலாவது மணித்தியாலத்தில் கட்டில் விரிப்பை மடிக்கத் தொடங்கினாள். ஆய்வுகூடத்தில் பார்த்த சீனி 40. இன்சுலின் அந்த நேரத்தில் அடங்கிக் கிடந்திருக்கவேண்டும், அடங்கவில்லை. இன்சுலினோமா என்று எழுதினார்கள்: சதையியில் வளர்ந்து, தன்பாட்டில் இன்சுலினைச் சுரக்கிற கட்டி.

பத்து இலட்சம் பேரில் வருசத்துக்கு ஒருவர் முதல் நாலு பேர் வரை வருகிற கட்டி. 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டத்திலும் சேர்த்துச் சனம் இரண்டு இலட்சத்துச் சொச்சம். கணக்குப் போட்டால் அதிகம் போனால் வருசத்துக்கு ஒருவர் கூட இல்லை, குறைந்தால் ஐந்து வருசத்துக்கு ஒருவர். அப்படியென்றால் 2009க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அக்காவோடு சேர்த்து இரண்டு மூன்று பேராவது இருந்திருக்கவேண்டும். மற்றவர்கள் எந்தக் கிளினிக் வரிசையில், எந்தக் குளிசையோடு இருக்கிறார்கள் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வீரைப்பழம்

இருக்கிறது என்று தெரிவது ஒன்று, எங்கே என்று தெரிவது வேறு. இந்தக் கட்டி பெரும்பாலும் இரண்டு சென்ரிமீற்றரைத் தாண்டாது. சி.ரி. ஸ்கானில் சதையியின் வால் பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தது. கதிர்கள் நாலு பக்கமும் கீறிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் மறைத்தன. சேர்ஜன் பென்சிலால் அதைத் தொட்டு, அத்தானிடம் சிங்களத்தில் "இது என்ன?" என்றார். அத்தானுக்குச் சிங்களம் வராது. கேள்வி மட்டும் விளங்கியது. "ரூ தவுசன்ட் நைன்" என்றார். சேர்ஜன் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று எழுதினார். அது என்ன உலோகம், காந்தத்துக்குள் போனால் அசையுமா என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஊர் இத்தனை நாளாகக் குற்றம் சாட்டிய அந்தப் பீஸ் வருத்தத்துக்குக் காரணம் இல்லை, ஆனால் வருத்தத்தை மறைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. கடைசியில் வாய் வழியாகக் கமரா விட்டு, இரைப்பைக்குள் இருந்தபடி அல்ட்ராசவுண்ட் பார்த்துத்தான் பிடித்தார்கள். சதையியின் நடுப்பகுதி, 1.4 சென்ரிமீற்றர்.

இப்படியான ஒப்பரேசனில் முதன்முதலாக ஆளைச் சுகப்படுத்தியவர் 1929இல் ரொறன்ரோவில் ரொஸ்கோ கிரகாம். அதற்குச் சில வருசம் முந்தி வில்லியம் மேயோ ஒருவரின் வயிற்றைத் திறந்தபோது அது புற்றாகி ஈரலுக்குப் பரவியிருந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. ரொறன்ரோவில் இன்சுலின் கண்டுபிடித்து அப்போது பத்து வருசம்கூட ஆகவில்லை. இன்சுலின் இல்லாமல் சாகிறவர்களைக் காப்பாற்றிய அதே ஊரில், இன்சுலின் கூடிப்போய்ச் சாக இருந்த ஒருத்தியையும் காப்பாற்றினார்கள். நல்லவேளை, பத்தில் ஒன்பது கட்டிகள் புற்று இல்லை. அக்காவுடையதும் இல்லை.

அக்காவுக்குச் சேர்ஜன் விரலாலேயே தடவித் தேடினாராம். அல்ட்ராசவுண்ட் கருவியையும் சதையியின் மேலேயே வைத்துப் பார்த்து, கட்டியை மட்டும் உரித்து எடுத்தார். போனில் படம் காட்டினார்கள்: பழுத்த வீரைப்பழம் ஒன்றை வெள்ளைத் துணியில் வைத்த மாதிரி. நிறம் மட்டும் கொஞ்சம் கறுப்புக் கூட. காடேறி வீரைப்பழம் பொறுக்கித் தின்ற கைகளுக்கு அந்த அளவு நன்றாகத் தெரியும்.

கட்டியை எடுத்த பிறகு சீனி ஏறவேண்டும், ஏறினால்தான் சரியான சாமானை எடுத்தோம் என்று நம்பலாம் என்றார்கள். இரவிரவாக மிசி மணிக்கொருதரம் அக்காவின் விரலில் குத்தினா. அதே மாதிரி மெசின், அதே மாதிரி ஸ்ரிப், டப்பா மட்டும் புதிது. 112. 149. 171. சீனி வருத்தக்காரர் பயப்படுகிற இலக்கம் ஏற ஏற, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோசப்பட்டோம். வடிகுழாய்ப் பையில் சதையி நீர் கசிந்ததால் பிறகு மூன்று கிழமை இழுபட்டது. அது வேறு கதை, அலுப்பான கதை. ஆவணியில் ஊருக்குக் கொண்டுவந்தோம்.

பெரியம்மா இன்னும் நாலு மணிக்கு எழும்புகிறாள். தேத்தண்ணியும் ஊற்றுகிறாள், சீனி குறைத்து. "எடுத்தது எடுத்ததுதான், ஆனா பசி பசிதான்" என்கிறாள். ஒவ்வொரு விடியலிலும் அக்காவின் இன்சுலின் ஆணை கேட்காமல் சீனியை விழுங்கிக்கொண்டிருந்தது என்று நான் விளங்கப்படுத்தப் போனேன். "அதைத்தானே நானும் சொன்னனான்" என்றாள். மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

2023 சஷ்டிக்கு அக்கா திரும்பவும் விரதம் பிடித்தாள். நான் வேண்டாம் என்றேன், அத்தானும் வேண்டாம் என்றார். கிளினிக்கில் கேட்டு, பின்னேரம் பாலும் பழமும் எடுப்பதென்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தாள். சூரன்போர் அன்று காலை போய்ச் சேர்ந்தேன். தலைமுழுகி, திருநீறு பூசி, முற்றத்தில் பூ ஆய்ந்துகொண்டு நின்றாள். முன்கையில் கொதிதண்ணி பட்ட இடம் மினுமினுவென்று வெளுத்துக் கிடந்தது. மருமகள் ஏ.எல். உயிரியல் கொப்பியை மூடிவைத்துவிட்டு மெசினை எடுத்து வந்து குத்தினாள். 76.

அக்கா இலக்கத்தைப் பார்த்தாள், டப்பாவைக் கையில் வாங்கினாள், வெளிச்சத்தில் பிடித்துத் திகதியை வாசித்தாள். "இது போன மாசத்தோட முடிஞ்ச ஸ்ரிப் எல்லோ தம்பி?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நான் என் சுண்டுவிரலை மருமகளிடம் நீட்டினேன்.